வேலிப் பொட்டும் பூனைக் கதவும்

இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள எக்செற்றர் நகரத்துப் பேராலயத்தில், பழைய வானியல் கடிகாரத்தின் கீழே ஒரு மரக்கதவு உண்டு. அதன் அடிப்பாகத்தில் பூனை ஒன்று தாராளமாக நுழையக்கூடிய அளவில் வட்டத் துளை ஒன்று வெட்டப்பட்டிருக்கிறது. வில்லியம் கொற்றன் என்பவர் அங்கே பிஷப்பாகப் பதவியேற்ற 1598ஆம் ஆண்டளவில், தச்சர்களுக்கு 8 பென்ஸ் கூலி கொடுத்து அது வெட்டுவிக்கப்பட்டதாக ஆலயத்தின் கணக்குகள் சொல்கின்றன. கடிகாரத்தின் கயிறுகளுக்கும் பொறிகளுக்கும் பூசிய கொழுப்பை நாடி எலிகள் வந்தன. எலிகளை நாடிப் பூனை செல்ல வேண்டியிருந்தது. அதற்கும் முந்திய, 1305 முதல் 1467 வரையான ஏடுகளிலே பூனைக்கென்று காலாண்டுக்கு 13 பென்ஸ் செலவு எழுதப்பட்டுள்ளது. அதாவது வாரத்துக்கு ஒரு பென்னி. பூனை அங்கே செல்லப்பிராணி அல்ல. சம்பளப் பட்டியலில் இடம்பெற்ற ஊழியர். ஊழியருக்குக் கதவு வைப்பது நியாயந்தானே!

ஆங்கிலக் கவி சோசர் பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய கன்ரபரிக் கதைகளிலும் பூனைத் துளை வருகிறது. மாவரைப்போன் சொல்லும் கதையில், பூட்டிய அறைக்குள் என்ன நடக்கிறதென்று வேலையாள் எட்டிப் பார்ப்பது பூனை நுழையும் பொந்தினூடாகத்தான். ஐசாக் நியூற்றன் தாய்ப் பூனைக்குப் பெரிய துளையும் குட்டிக்குச் சிறிய துளையும் வெட்டுவித்தார் என்ற கதையைப் பள்ளிக்கூட நாள்களில் கேட்டு நாமெல்லாம் சிரித்திருக்கிறோம். அவர் இறந்து 100 ஆண்டுகளுக்குப் பின்னர், 1827இல் வெளிவந்த நூலொன்றில் அக்கதை காணப்படுகிறது. நியூற்றனுக்கு எழுத்தராக இருந்தவரோ, அவருடைய அறையில் நாயும் இல்லை, பூனையும் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார். மேதைகளை மடையர்களாக்கும் கதைகளுக்கு எக்காலத்திலும் சந்தையுண்டு. அதை விட்டுவிடுவோம்.

இன்று லண்டனிலோ ரொறன்ரோவிலோ வாழும் நம்மவர் வீடுகளிற் பலவற்றில் இந்தப் பூனைக் கதவைக் காணலாம். சமையலறையின் பின்கதவில் சிறு பிளாஸ்ரிக் மடல் ஒன்று தொங்கும். பூனை தலையால் முட்டினால் திறக்கும். போனபின் மடலின் அடியிலுள்ள காந்தம் அதை நடுவே பிடித்து நிறுத்தும். உள்ளே வரலாம், வெளியே போக முடியாது, வெளியே போகலாம், உள்ளே வர முடியாது, இரண்டும் முடியும், இரண்டும் முடியாது என நான்கு நிலைகளுள் ஒன்றில் அதை நிறுத்தி வைக்கலாம். ஆரம்பத்தில் இதில் ஒரு சிக்கல் இருந்தது. நம் வீட்டுப் பூனைக்குத் திறந்த கதவு அயல்வீட்டுப் பூனைக்கும் திறந்தது. அந்நியப் பூனை உள்ளே வந்து உணவைத் தின்றுவிட்டுப் போவது ஒருபுறமிருக்க, தன் எல்லை பறிபோனதை உணர்ந்த வீட்டுப் பூனை சுவரெங்கும் சிறுநீர் பீய்ச்சத் தொடங்கிவிடும். பூனைக்கு எல்லை என்பது உயிர்ப் பிரச்சினை. (எல்லை உயிர்ப் பிரச்சினையாகும் உயிரினம் பூனை ஒன்றுதானா என்று இலங்கையில் இருந்து எழுதுபவனிடம் யாரும் கேட்க வேண்டாம்.)

இதற்காகப் பூனையின் கழுத்துப் பட்டியில் காந்தத் திறப்பு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். அதுவோ ஆணி, குண்டூசி, கரண்டி என்று போகுமிடமெல்லாம் இரும்பைக் கவர்ந்துகொண்டு வந்தது. பின்னர் வந்ததுதான் மைக்ரோசிப்பை வாசிக்கும் கதவு. பூனையின் தோளெலும்புகளுக்கிடையே, தோலின் கீழே, அரிசிமணி அளவில் ஒரு சில்லு செலுத்தப்படுகிறது. அதற்குள் 15 இலக்க எண் ஒன்று இருக்கிறது. பற்றரி கிடையாது. வாசிக்கும் கருவி சில அங்குலத்துக்குள் வரும்போது மாத்திரம், அக்கருவி அனுப்பும் அலையினாலேயே உயிர்பெற்றுத் தன் எண்ணைச் சொல்லிவிட்டு மீண்டும் உறங்கிவிடும். சிப் வைத்தால் பூனை எங்கே நிற்கிறதென்று கைத்தொலைபேசியில் பார்க்கலாம் என நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. தொலைந்த பூனை ஒரு மிருக வைத்தியரிடமோ காப்பகத்திடமோ போய்ச் சேர்ந்தால் மட்டுமே அந்த எண் பயன்படும். அதையும் தரவுத்தளத்தில் உங்கள் பழைய முகவரி கிடந்தால் பயனில்லாமற் போய்விடும். வீடு மாறுகிறவர்கள் மின்சாரப் பட்டியலையும் வங்கிக் கணக்கையும் மாற்றுகிறார்கள். பூனையின் முகவரியை மறந்துவிடுகிறார்கள்.

இங்கிலாந்தில் 2024 ஜூன் 10ஆந் திகதி முதல் வளர்ப்புப் பூனைகளுக்கு 20 வாரம் நிறையுமுன் இந்தச் சிப்பைப் பொருத்துவது சட்டப்படி கட்டாயம். தவறினால் 500 பவுண் வரை தண்டம். நாய்களுக்கு இவ்விதி 2016ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆக, அங்கே பூனைக்கும் நாய்க்கும் அடையாள அட்டை உண்டு. அந்த அடையாள அட்டையைப் பார்த்துக் கதவு திறக்கிறது. அந்தி சாய்ந்ததும் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகளும், இந்தப் பூனை வெளியே போகலாம், மற்றது போகக்கூடாது என்று ஆளறிந்து முடிவு செய்யும் கதவுகளும் இருக்கின்றன. 2019ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனத்தில் பணியாற்றிய ஒருவர் இன்னுமொரு படி மேலே சென்றார். வாயில் இரையைக் கவ்விக்கொண்டு வந்தால் கமரா அதை அறிந்து 15 நிமிடங்களுக்குக் கதவைப் பூட்டிவிடும்படி செய்தார். ஆயிரக்கணக்கான பூனைப் படங்களைக் காட்டிக் கணினிக்குப் பயிற்சி கொடுத்தார். பூனை குற்றம் புரியும் ஒவ்வொரு தடவையும் பறவைப் பாதுகாப்புச் சங்கமொன்றுக்குச் சிறு தொகை நன்கொடையாகப் போகவும் ஏற்பாடு செய்தார். பிரதிவாதிக்கு அபராதம், கட்டுகிறவர் எசமானர். நீதி முழுமையடைந்தது.

வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் இந்தக் கருவிகளுக்கெல்லாம் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது. வீட்டில் வளரும் ஒரு பிராணி எங்கே போகலாம், எப்போது போகலாம், போனால் யாருக்குப் பாதிப்பு என்று அந்தச் சமூகம் உட்கார்ந்து யோசித்திருக்கிறது. சில வேளை அளவுக்கு மிஞ்சி யோசித்திருக்கிறது. நாம் யோசிக்கவில்லை. யோசிக்காமலேயே கடந்த சில பத்தாண்டுகளில் நம் ஊர்களின் எல்லைகளை முற்றாக மாற்றிக் கட்டிவிட்டோம். இதுதான் நான் சொல்ல வந்த விடயம்.

யாழ்ப்பாணத்து வளவுகளுக்கு வேலி இருந்த காலத்தை நடுவயதைக் கடந்த வாசகர்கள் அறிவர். கிளுவையும் பூவரசும் கதிகாலாக நிற்க, கிடுகோ பனையோலையோ வைத்து வரிந்து கட்டிய வேலி. ஆண்டுக்கொரு முறை அதை அடைக்க வேண்டும். அந்த வேலியில் எங்காவது ஓரிடத்தில் ஒரு பொட்டு இருக்கும். இந்தியத் தமிழ் வாசகர்கள் நெற்றிப் பொட்டை நினைத்துக் குழம்ப வேண்டாம். எங்களூரில் வேலியில் உள்ள சிறு இடைவெளிக்கும் பொட்டு என்றே பெயர். பெரும்பாலும் அதை வெட்டியவர் வீட்டுக்காரர் அல்லர், நாய்தான் வெட்டியது. தலையை நுழைத்து, உடலை நெரித்து, நாளடைவில் தன் அளவுக்கு ஒரு வழியை அது செய்துகொள்ளும். வேலி அடைக்க வந்தவர் அதையும் சேர்த்து அடைத்துவிட்டுப் போவார். மறு வாரமே அதே இடத்தில் ஓலை விலகியிருக்கும். மூன்றாம் முறை அடைக்கும்போது வீட்டுக்காரரே, "அதை விடு, நாய் போய் வரட்டும்" என்று சொல்லிவிடுவார். நாய் கேட்டுப் பெற்ற கதவு அது.

பெரிய பொட்டுகளினூடாக மனிதர்களும் போய் வந்தார்கள். பின்வளவுப் பெண்கள் கறிச்சட்டியோடு குனிந்து போனது அவ்வழியால்தான். கோழி போனது, ஆட்டுக்குட்டி போனது. போகக் கூடாததைத் தடுப்பதற்கும் வழிகள் இருந்தன. வேலி புகுந்து பயிரை மேயும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் கழுத்தில் முக்கோணமாகத் தடி கட்டிவிடுவார்கள். நடக்கலாம், மேயலாம், படுக்கலாம். பொட்டுக்குள் தலை மட்டும் போகாது. அடுக்களையில் பூனைக்கு எட்டாத உயரத்தில் உறி தொங்கும். குஞ்சோடு நிற்கும் கோழியைப் பருந்திடமிருந்து காக்கப் பெரிய கூடையால் கவிழ்த்து மூடுவார்கள். இவையனைத்தும் வீட்டுப் பிராணியின் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகளே. செலவில்லாதவை; பெரும்பாலும் நோவில்லாதவை; யாரோ ஒருவர் அந்தப் பிராணியைக் கூர்ந்து பார்த்துச் செய்தவை.

பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. பொட்டினால் போன நாய் தெருவுக்குத்தான் போனது. தெருவிலே விசர்நாய் இருந்தது. 1973ஆம் ஆண்டில் இலங்கையில் நீர்வெறுப்பு நோயினால் இறந்தோர் தொகை 377. தொப்புளைச் சுற்றி நீண்ட ஊசி போடுவார்கள் என்ற பயம் எங்கள் தலைமுறையின் சிறுவர்களுக்குப் பேயைவிடப் பெரிதாக இருந்தது. தடுப்பூசி பரவலானதன் பயனாகப் பின்னைய ஆண்டுகளில் அத்தொகை 20, 30 என்ற அளவுக்கு இறங்கியது. சுகாதாரத் துறையினரின் சாதனை அது, மனமாரப் பாராட்டலாம். ஆனால் தடுத்திருக்கக்கூடிய நோயொன்றில் 20 பேர் என்பதும் 20 பேர்தான். நோய்க்குறி தோன்றியபின் மருத்துவத்தால் காப்பாற்ற முடிவது அரிதினும் அரிது. தொண்ணூறுகளில் நான் பத்திரிகைக்கு வந்தபோது, நாய்க்கடி மரணம் பிராந்தியச் செய்திப் பக்கத்தில் ஒற்றைப் பத்தியில் நான்கு வரியாக வரும். செல்லடியில் இறந்தவர்களின் பட்டியல் நீண்டிருந்த அக்காலத்தில் அதற்கு மேல் இடமும் இருக்கவில்லை.

போர் முடிந்தது. வெளிநாட்டுக் காசு வந்தது. வேலிகள் போய் மதில்கள் எழுந்தன. ஆறடி உயரம், சீமெந்துக் கல், உச்சியில் கண்ணாடித் துண்டு அல்லது முட்கம்பி, முகப்பில் இரும்புக் கேற். கள்வர் பயத்தை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. தனியே வாழும் முதிய தாய் தகப்பனுக்கு மதில் ஒரு தைரியம். எனவே மதில் கட்டியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மதில் கட்டியபோது பொட்டு அடைபட்டது என்பதை யாரும் கவனிக்கவில்லை. அதற்குப் பின் நாய்க்கு மிஞ்சியவை இரண்டே வழிகள். ஒன்று சங்கிலி, மற்றது தெரு.

இன்று எந்த ஊருக்கும் போய்ப் பாருங்கள். மா மரத்தடியிலோ கராஜின் மூலையிலோ நாலடிச் சங்கிலியில் ஒரு நாய் கட்டப்பட்டிருக்கும். அது நடந்து தேய்ந்த அரைவட்டத்துக்குள் புல் முளைப்பதில்லை. உண்பதும் கழிப்பதும் உறங்குவதும் அந்த அரைவட்டத்துக்குள்தான். மதிலுக்குள் இரண்டு பரப்புக் காணி வெறுமையாகக் கிடக்கும். நாய்க்கு அதில் நாலடி. இரவு பத்து மணிக்கு அவிழ்த்துக் கேற்றையும் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. விடியற்காலையில் திரும்பி வரும். இடையில் எந்த நாயோடு கடிபட்டது, யாருடைய சைக்கிளைத் துரத்தியது, எங்கே குட்டிக்கு வித்திட்டது என்பதெல்லாம் யாருடைய கணக்கிலும் வராது. பகலில் கட்டி வைத்தால்தான் இரவில் நாய் உக்கிரமாக நிற்கும் என்பது நம்மவர் சாத்திரம். கட்டியே வளர்த்த நாய் வீரத்தினால் அல்ல, பயத்தினால் கடிக்கிறது என்று மிருக வைத்தியர்கள் சொல்வர். ஓட வழியில்லாத பிராணிக்குக் கடிப்பது ஒன்றுதான் வழி. அது கடிப்பதும் பெரும்பாலும் கள்வனை அல்ல. பந்தெடுக்க வரும் அயல்வீட்டுப் பிள்ளையை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1876ஆம் ஆண்டிலேயே பிறர் காணியில் மேயும் கால்நடைகளுக்கென்று கட்டளைச் சட்டம் வந்தது. 1893இல் விசர்நாய் நோய்க்கு ஒன்று, 1901இல் நாய்ப் பதிவுக்கு ஒன்று. உள்ளூராட்சி சபைகள் அவ்வப்போது ஒலிபெருக்கி கட்டி, வளர்ப்பு நாய்களைப் பதிவு செய்யுங்கள் என்று அறிவித்துச் செல்லும். அறிவித்தவர்கள் திரும்பிப் போனதும் எல்லாம் பழையபடி. நாம் பின்பற்றும் உரோம-டச்சுச் சட்டத்தின்படி, வளர்ப்பு மிருகம் தன் இயல்புக்கு மாறாகப் பிறருக்குத் தீங்கு செய்தால், உரிமையாளருடைய கவனக்குறைவை நிரூபிக்காமலேயே நட்டஈடு கோரலாம். வழக்குப் போட எத்தனை பேர் போவார்கள்? அயலவர் உறவு முறிந்துவிடும், அதனால் போகமாட்டார்கள். மிருகங்களுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்த உச்ச அபராதம் 100 ரூபா. அன்றைக்கு அது ஒரு பெருந்தொகை. நாய்ச் சங்கிலிகூட வாங்க முடியாத தொகையாக அது பின்னர் தேய்ந்துபோனது. புதிய மிருக நலச் சட்டத்துக்கான வரைபைச் சட்ட ஆணைக்குழு 2006இல் தயாரித்துக் கொடுத்தது; அரசாங்கங்கள் மாறி மாறி வந்தபோதும் அது ஆண்டுக்கணக்காகக் கிடப்பில் கிடந்தது. அதே 2006இல் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதில்லை என்ற கொள்கையை அரசு ஏற்றது. நல்ல கொள்கை. ஆனால் கொல்வதை நிறுத்தினால் மட்டும் போதாது. கருத்தடையும் தடுப்பூசியும் அதே வேகத்தில் நடைபெற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டு நாய் வீட்டில் நிற்க வேண்டும். தெருவில் திரியும் நாய்களுள் கணிசமானவை யாருமற்றவை அல்ல. காலையில் ஒரு வீட்டில் சோறு தின்பவைதாம்.

சங்கிலியைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. மழையும் இருளும் நெரிசலுமான அந்த வீதியில் நாய்களையும் கூட்டிச் சென்றவர்கள் மிகச் சிலரே. புறப்படுமுன் நாயை அவிழ்த்துவிட்டோம் என்று பின்னாளில் சொன்னவர்கள் உண்டு. அவிழ்க்க நினைக்கவில்லை, நாளைக்கே திரும்பிவிடுவோம் என்றிருந்தோம் என்று சொன்னவர்களும் உண்டு. பிந்தியவர்கள் அதற்கு மேல் பேசுவதில்லை.

இனி, கடல் கடந்த கருவிகளுக்குத் திரும்புவோம். ஏனென்றால் அவற்றுள் எதை நாம் எடுத்துக்கொள்ளலாம், எதைக் கிட்டவும் அண்டவிடக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு.

அண்டவிடக் கூடாதது மின்னதிர்ச்சிப் பட்டி. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கண்ணுக்குத் தெரியாத வேலி என்றொன்று பிறந்தது. வளவைச் சுற்றி நிலத்தின் கீழே கம்பி புதைப்பார்கள். நாயின் கழுத்தில் பட்டி இருக்கும். எல்லையை நெருங்கும்போது பட்டி ஒலி எழுப்பும். மேலும் நெருங்கினால் கழுத்தில் மின்னதிர்ச்சி. வீதியில் அடிபட்டுச் சாகும் நாய்களைக் காப்பதே நோக்கம் என்றார்கள். நல்ல நோக்கம்தான். ஆயினும், பூனையைக் கண்ட வெறியில் அதிர்ச்சியையும் பொருட்படுத்தாமல் வெளியே பாய்ந்த நாய், வெறி அடங்கியபின் திரும்பி உள்ளே வர அஞ்சி நிற்கும். ஏனெனில் உள்ளே வருவதற்கும் அதே அதிர்ச்சியைத் தாண்ட வேண்டும். வெளியிலிருந்து வரும் வேற்று நாய்க்கோ அந்த வேலி வேலியே அல்ல. வீதியால் போகும் மனிதரைக் காணும் போதெல்லாம் கழுத்தில் நோகுமானால், நோவுக்குக் காரணம் அந்த மனிதர்தான் என்று நாய் முடிவு கட்டும். வேல்ஸ் 2010ஆம் ஆண்டிலேயே நாய், பூனை இரண்டுக்கும் இப்பட்டியைத் தடைசெய்துவிட்டது. நம்மூர்ச் சந்தைக்கு இது "வெளிநாட்டுச் சாமான்" என்ற பெருமையோடு பொதியில் வரக்கூடும். அன்பு கூர்ந்து அனுப்ப வேண்டாம்.

பூனைக் கதவையும் அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. குளிர் தேசத்தில் கதவைத் திறந்து வைக்க முடியாது; அதனால் கதவுக்குள் ஒரு கதவு தேவைப்பட்டது. நமக்கோ பகல் முழுவதும் கதவும் யன்னலும் திறந்தே கிடக்கின்றன. இரவில் பூட்டிய கதவின் அடியில் துளை வைத்தால் பூனை மட்டுமா வரும்? கட்டுவிரியன் வரும். நிலத்தில் பாய் விரித்துப் படுப்போரை இரவில் தீண்டுவது அந்தப் பாம்பின் வழக்கம். கடிபட்டது தெரியாமலேயே உறக்கத்தில் உயிர் பிரிந்தோர் நம் நாட்டில் உண்டு. ரொறன்ரோவிலுள்ளோருக்கும் இதேபோன்ற தொல்லை உண்டு. அங்கே செல்லப்பிராணிக் கதவால் ரக்கூன் நுழைந்து சமையலறையைச் சூறையாடிவிட்டுப் போகும். அடுக்குமாடிகளில் வாழ்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொதுத் தாழ்வாரத்துக்குத் திறக்கும் கதவு பெரும்பாலும் தீத்தடுப்புக் கதவு; அதிலே துளை வெட்டினால் தீயை நிறுத்தும் தன்மை போய்விடும்.

பூனையை வெளியே விடலாமா என்பதே இப்போது கேள்விக்குள்ளாகியிருக்கிறது. அவுஸ்திரேலியத் தலைநகர் கன்பராவில் 2022 ஜூலை முதலாந் திகதியும் அதன் பின்னும் பிறந்த பூனைகளை உரிமையாளரின் வளவுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நம்மவர் பலர் குடியிருக்கும் மெல்பேர்ணின் தென்கிழக்கில், கேசி மாநகர சபை 2021 ஒக்டோபரில் இருபத்துநான்கு மணி நேர ஊரடங்கைப் பூனைகளுக்கு விதித்தது. ஜேர்மனியின் வால்டோர்ஃப் என்னும் சிறு நகரம் 2022இல், தரையில் கூடு கட்டும் கொண்டை வானம்பாடியைக் காப்பதற்காக ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை பூனைகளை வீட்டுக்குள் அடைக்கச் சொன்னது. ஊரடங்கு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குப் பழைய ஞாபகங்கள் வரத்தான் செய்யும். ஆனால் அவுஸ்திரேலியாவின் சிறு பறவைகளுக்கும் மென்னுயிர்களுக்கும் பூனை என்ற வேட்டைக்காரனோடு வாழ்ந்த பழக்கம் இல்லை. அங்கே அந்த விதி நியாயமானது என்றே கருதுகிறேன். அதனால் அங்கு பூனைக் கதவு வீதிக்குத் திறப்பதில்லை. வலையடித்த முற்றத்துக்குத் திறக்கிறது. பூனை வெயில் காயும், காகத்தைப் பார்த்துப் பல்லை நறுநறுக்கும், திரும்பி வரும்.

இந்த ஏற்பாட்டைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். கருவியை அல்ல, ஏற்பாட்டை. கதவும் வேண்டும், ஆனால் அது தெருவுக்குத் திறக்கக் கூடாது, வளவுக்குத் திறக்க வேண்டும். நாய்க்கு வளவு முழுவதும் சொந்தமாக இருக்க வேண்டும்; வளவுக்கு வெளியே ஓரங்குலமும் கயிறில்லாமல் போகக் கூடாது. இதற்கு மைக்ரோசிப்பும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம். ஆறடி மதிலை ஏற்கெனவே எழுப்பிவிட்டோமே! உலகில் பலர் பணம் கொட்டிச் செய்யும் வேலையில் முக்கால் பங்கை நாம் அறியாமலே செய்து முடித்துவிட்டு, அதற்குள் நாயைக் கட்டியும் வைத்திருக்கிறோம்.

மனிதருக்கே வழியில்லாத நாட்டில் நாய்க்கு வழி தேடுகிறாரே என்று சிலர் சொல்லக்கூடும். காணாமல் ஆக்கப்பட்டோரும் விடுவிக்கப்படாத காணிகளும் இருக்கும் மண்ணில் இருந்து இதை எழுதுவது எனக்கும் தெரியும். ஆனால் நாய்க்கடிக்கு ஊசி போட அரசாங்க ஆசுபத்திரி வரிசையில் நிற்கும் தாயிடம், இது சின்ன விடயம் என்று சொல்லிப் பாருங்கள். இரவில் மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே பாய்ந்த நாயால் கால் முறிந்த கூலித் தொழிலாளியிடம் சொல்லிப் பாருங்கள். அந்த நாய்களிற் பல, மதிலும் கேற்றும் உள்ள வீட்டிலிருந்து வந்தவை.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. கேற்றின் அடியில் உள்ள இடைவெளிக்குத் தகரமோ கம்பியோ வைத்து ஒட்டுவிக்க வேண்டும்; குட்டி நாய் அதனால்தான் முதன்முதலில் தெருவைக் காண்கிறது. வாகனம் உள்ளே வரும்போது நாய் பாய்ந்துவிடும் என்பதற்காகவே பலர் கட்டி வைக்கிறார்கள்; கேற்றுக்கு உட்புறமாக இடுப்பளவில் இன்னொரு சிறு படலை வைத்தால் அத்தேவை ஒழியும். வருவோருக்குப் பயமென்றால் வளவின் ஒரு பக்கத்தைக் கம்பி வலையால் பிரித்து, அதற்குள் நிழலும் தண்ணீரும் வையுங்கள். விருந்தினர் வரும் நேரம் நாய் அங்கே நிற்கட்டும். நுளம்பு வலைக் கதவால் பூனை வெளியே போக முடியாமல் வலையைக் கிழிக்கிறதா? பகலில் மட்டும் திறக்கும்படி, வலையின் அடியில் பழைய ரயர் ரியூப் துண்டொன்றை மடலாகத் தொங்கவிட்டு, இரவில் பலகையால் அடைத்துவிடலாம். பழக்குவது எளிது. முதலில் மடலைத் தூக்கிக் கட்டிவிட்டு மறுபுறத்தில் மீன் துண்டை வைக்க வேண்டும். பிடித்துத் தள்ளினால் பூனை ஒரு மாதத்துக்கு அந்தப் பக்கமே போகாது.

தடுப்பூசியை வருடாந்தம் போடுங்கள். கருத்தடை செய்யுங்கள், செய்த நாய் தெருவைத் தேடுவது குறையும்.

வெளிநாட்டிலிருந்து ஊரில் வீடு கட்டுவிக்கும் வாசகர்களுக்கு ஒன்று. வரைபடத்தில் கராஜுக்கு இடம் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டிக்கு இடம் இருக்கிறது, கண்காணிப்புக் கமராவுக்கு எட்டு இடங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த வெற்று வீட்டைக் காக்கவென்று ஒரு நாயையும் விட்டுவிட்டு விமானமேறப் போகிறீர்கள். மேசனோடு அடுத்த தடவை தொலைபேசியில் பேசும்போது, நாய் எங்கே நிற்கும், அதற்குச் சோறு வைப்பவர் எந்த வழியால் வருவார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் உள்ள மரத்தில் சங்கிலி போட ஒரு வளையம் அடித்துவிடட்டுமா என்று அவர் கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.